மிளகு அரைக்க நூறு மைல்

காசிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள். கொழும்புக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள். எடப்பாடியிலிருந்து சேலம் போய், ராசிபுரம் தாண்டி நாமக்கல் போய், திருச்செங்கோடு வழியாக வீடு திரும்பியவர் யாரும் எழுதக் காணோம். ஆகவே நான் எழுதுகிறேன். மேட்டூர் அணை கட்டி முடித்து இரண்டு வருஷம் ஆன பிறகு, ஒரு மாசி மாதத்தில் நானும் என் மனைவி அங்கம்மாளும் போய் வந்தோம். மூன்று நாள் பயணம். ஏறத்தாழ நூறு மைல். மிளகும் உப்பும் அரைக்க ஒரு சாமான் வாங்கப் போனோம்.

செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தேகால் மணி. எடப்பாடியில் பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். சேலத்துக்கு இருபத்தைந்து மைல், ஆளுக்கு எட்டணா. ஐந்தரைக்குப் புறப்படும் என்று எழுதிப் போட்டிருக்கும் வண்டி, ஆள் நிறைந்த பிறகே புறப்படும். அன்று ஆறேகாலுக்கு நிறைந்தது. அங்கம்மாளின் மடியில் ஒரு மூட்டை. அதில் அரைப் படி மிளகு, கொஞ்சம் சீரகம், ஒரு கை கல்லுப்பு. சேலத்தில் கிடைக்காத சாமானா என்று கேட்டேன்.

"அரச்சுப் பாக்காம ஒண்ணயும் வாங்கறதில்லீங்க. பாக்கறதுக்கு அடுத்தவன் மொளகு எதுக்கு?" என்றாள்.

பக்கத்தில் இரண்டு சேவல்களைக் காலோடு கால் கட்டி மடியில் வைத்திருந்த ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"ஏனுங்க, எடப்பாடியில அம்மிக்குப் பஞ்சமாயிப் போச்சுங்களா?"

பஞ்சமில்லை. எங்கள் வீட்டிலேயே நல்ல அம்மி இருக்கிறது. ஆனால் குழவியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தி இழுக்க வேண்டும். அங்கம்மாளின் வலது மணிக்கட்டு ஆனி மாதத்தில் முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு எலும்பு கூடிவிட்டாலும் சற்றுக் கோணலாகக் கூடியது. செம்பைத் தூக்க முடிகிறது, கோலம் போட முடிகிறது. எதையும் அழுத்தித் தேய்க்க முடியவில்லை. எங்கள் தறி குழித்தறி. கால் வைத்து மிதிக்கும் குழியை வேலை முடிந்ததும் பலகை போட்டு மூட வேண்டும். அன்று மூடாமல் வெளியே போனவன் நான். இருட்டுக் கட்டிய நேரத்தில் விளக்கு எடுக்க வந்தவள் குழியில் விழுந்தாள். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

எட்டு மாதமாக என் தம்பி பெண்டாட்டி செல்லம்மாள்தான் எங்களுக்கும் சேர்த்து மசாலை அரைத்துக் கொடுக்கிறாள். நல்ல பெண், முகம் சுளித்ததில்லை. ஆனால் அங்கம்மாள் தினமும் ஒரு கிண்ணத்தில் மிளகையும் மல்லியையும் போட்டுக்கொண்டு அடுத்த வாசலில் போய் நிற்கும்போது அவள் முதுகு குனிந்திருக்கும். அதை நான் தறியிலிருந்தே பார்ப்பேன்.

இப்போது குமாரபாளையத்தில் கட்டிக் கொடுத்த எங்கள் மகள் சரசு தலைப் பிரசவத்துக்கு வரப்போகிறாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் செலவு ரசம் வைத்துக் கொடுப்பார்கள். மிளகு, சீரகம், சுக்கு, திப்பிலி என்று பதினைந்து இருபது சரக்கை உப்போடு சேர்த்துப் பொடித்துச் செய்வது. அதைப் பெற்ற தாய் தன் கையால் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அங்கம்மாள் ஒரே பிடியாக இருந்தாள். "எல்லாத்துக்கும் செல்லம்மா கையி. இதுக்கு மட்டும் என்ற கையி" என்று சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

சேவல்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செவ்வாப்பேட்டையில மிசினு வந்திருக்குதுங்க. கைப்பிடியச் சுத்துனா பொடியாக் கொட்டும்னு சொல்றாங்க" என்றார். எனக்கு உற்சாகம் பிறந்தது. மிஷின் என்ற சொல்லைக் கேட்டால் நான் பாதி வாங்கிவிட்டேன் என்று அர்த்தம். அங்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலை ஒன்பது மணி. சேலம் செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்ச் சந்தையாதலால் தோள் இடிக்காமல் நடக்க முடியவில்லை. இரும்புச் சாமான் விற்கும் ஒரு செட்டியார் கடையில் ஏறினோம். அவர் முதலில் எடுத்துக் காட்டியது ஒரு சாண் உயர மரச்சாமான். கடைசல் பிடித்து, எண்ணெய் தேய்த்து, சதுரங்கக் காய் மாதிரி அழகாக இருந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குப் போகும்போது ஏலம் விட்ட சாமானாம். மேலே மிளகைப் போட்டுத் தலையைத் திருகினால் கீழே நாலு துணுக்கு விழும். விலை ஒன்றேகால் ரூபாய்.

"இத எங்க வெச்சு அரைப்பாங்க?" என்று அங்கம்மாள் கேட்டாள்.

"சாப்பாட்டு மேஜையிலம்மா. தட்டுல சாதம் விழுந்தப்புறம் மேல தூவிக்குவாங்க."

அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அப்பறம் அடுப்படியில என்ன பண்ணுவாங்க?"

செட்டியார் சிரித்துவிட்டு அதை உள்ளே வைத்தார். பிறகு வந்தது மிஷின். வார்ப்பு இரும்பு, பச்சை வர்ணம், மேலே புனல், பக்கத்தில் வளைந்த கைப்பிடி, மேஜை விளிம்பில் மாட்டி முடுக்க ஒரு திருகு. விலை மூன்றே முக்கால் ரூபாய். காப்பிக்கொட்டை அரைக்கச் செய்ததென்றும், மிளகு அதற்குத் தூசு என்றும் சொன்னார். சுற்றிப் பார்த்தேன். எனக்கு மனசு போய்விட்டது. அங்கம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செட்டியாரே ஒரு வழி சொன்னார். பணத்தைக் கட்டி எடுத்துப் போய் அரைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் நாளைக்குக் காலையில் கொண்டுவந்து கொடுங்கள் என்றார். அப்படிச் சொன்ன வியாபாரியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

பகல் பன்னிரண்டு மணி. அம்மாப்பேட்டையில் என் சித்தப்பா மகன் சின்னுசாமி வீடு. அவனும் தறிக்காரன். சாப்பாடு ஆனதும் மிஷினை எடுத்தோம். நெசவுக்காரன் வீட்டில் மேஜைக்கு எங்கே போவது? தறியின் குறுக்குக் கட்டை சரியான கனத்தில் இருந்தது. அதில் மாட்டி முடுக்கினேன். சின்னுசாமியின் மனைவி பழனியம்மாளும் வந்து நின்றாள். அங்கம்மாள் புனலில் மிளகைப் போட்டாள். நான் சுற்றினேன். கிரீச் என்று கத்தியது.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தறிக்கட்டையில் மாட்டிய சாமான் கத்தினால் தறிக்காரன் கை எங்கே போகும்? யோசிக்காமல் போகும். தறிக்கு விடும் விளக்கெண்ணெய்ப் புட்டி, எங்கள் வீட்டில் போலவே சின்னுசாமி வீட்டிலும் தறிப் பக்கத்தில்தான் தொங்கியது. எடுத்தேன், விட்டேன். அச்சில் நாலு சொட்டு, பல்லில் நாலு சொட்டு. சின்னுசாமி பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தப் பக்கமும் விடுங்கண்ணா" என்று இடம் காட்டினான். சத்தம் நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். பிறகு சுற்றினேன். மிளகு பொடியாக வரவில்லை, கரிய களிம்பாக வந்தது. கோலிக்குண்டு அளவில் உருண்டு தட்டில் விழுந்தது. வாசம் சரியாக வண்டி மாட்டுக்குத் தடவும் மருந்தின் வாசம்.

பழனியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அங்கம்மாள் ஓடவில்லை. உட்கார்ந்த இடத்தில் கண்ணீர் வரச் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மூன்றே முக்கால் ரூபாய் போனாலும் போகட்டும் என்று தோன்றியது.

சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்தோம். அடுத்து அவளே உட்கார்ந்தாள். வலது கையால் ஆறு சுற்றுச் சுற்றினாள். ஏழாவதில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். நான் மெதுவாக, "அந்தக் கையால சுத்து" என்றேன். இடது கை கைப்பிடிக்குப் போனது. அப்போது பழனியம்மாள், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லாமல், "பீச்சங்கையிலயாக்கா?" என்று கேட்டுவிட்டாள். போன கை திரும்பிவிட்டது.

"புள்ள பெத்தவளுக்குக் குடுக்கற மருந்துங்க. பீச்சங்கையில அரச்சா ஆகுமா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

எனக்கு இரண்டு கையும் ஒன்றுதான் என்றேன். இரண்டு கையாலும் நூல் சுற்றிய நாடாவை வீசித்தானே துணி நெய்கிறேன் என்றேன்.

"நாடா வீசறீங்க சரி. சோறு எந்தக் கையில திங்கறீங்க?"

இதற்குப் பதில் இருந்தால் வாசகர்கள் எனக்கு எழுதலாம். மூட்டையிலிருந்த கல்லுப்பில் கொஞ்சத்தை நானே அரைத்து வைத்துவிட்டு, ராத்திரி மிஷினைத் துடைக்காமல் படுக்கப் போனேன்.

புதன்கிழமை, காலை எட்டு மணி. மீண்டும் செட்டியார் கடை. உப்பு பட்ட இடமெல்லாம் ஒரே இரவில் செம்மண் நிறத்தில் துருப் பூத்திருந்தது. செட்டியார் மிஷினை மூக்கருகில் கொண்டுபோனார்.

"மொளகு அரைக்கக் குடுத்தேன். செக்காட்டுனீங்களா?"

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பொய் சொன்னால் வாசம் காட்டிக் கொடுத்துவிடும். அவர் நன்றாகச் சிரித்தார். பணத்தைத் திருப்பித் தந்து, எண்ணெய்க்குக் காசு கேட்கமாட்டேன் என்று கேலி வேறு செய்தார். பிறகு அங்கம்மாளைப் பார்த்து, "உப்புக்கு இரும்பு ஆகாதும்மா, நான் நேத்தே சொல்லியிருக்கணும். ஒத்தைக் கையால சுத்தணும், உப்பும் அரையணும்னா கல்லுதான். சின்னத் திரிகையா ஒண்ணு பாருங்க. நாமக்கல்லுல பரமத்தி ரோட்டுல கல்பட்டறை இருக்குது" என்றார். அடுப்படி விஷயத்தில் அவளுக்குச் சமமாகப் பேசிய முதல் ஆண்பிள்ளை அவர் என்று அங்கம்மாள் பஸ்ஸில் ஏறும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். நான் எண்ணெய் வாசம் போகாத கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

காலை ஒன்பதரை. சேலத்திலிருந்து ராசிபுரம் பதினேழு மைல், அங்கிருந்து நாமக்கல் பதினாறு. ஆளுக்குப் பத்தணா. ராசிபுரத்தில் வண்டி அரைமணி நின்றது. இலையில் நாலு இட்லியும் மேலே ஒரு கரண்டி நெய்யும் ஓரணா. ராசிபுரத்து நெய்யைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நாமக்கல் போய்ச் சேரமாட்டோம். வழி நெடுக நிலக்கடலை பிடுங்கிய காடுகளும் சோளத்தட்டுப் போர்களும். வெயிலில் இரண்டு பக்கமும் கரட்டுக் குன்றுகள் கூடவே வந்தன.

பிற்பகல் மூன்று மணி. நாமக்கல். ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலைக்குக் கீழே குளத்தில் முகம் கழுவி, ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, பரமத்தி ரோட்டில் கால் மைல் நடந்தோம். கல்பட்டறை என்பது ஒரு வேப்பமரமும், அதன் நிழலில் நாற்பது ஐம்பது உருப்படியும். அம்மி, உரல், ஆட்டுக்கல், தொட்டி. நடுவில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் பிள்ளையார் சிலைக்குத் தும்பிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். பெயர் பழனியப்பன்.

"அம்மி கொத்தச் சிற்பி வேணுமான்னு கேப்பாங்க. இங்க சிற்பியேதான் அம்மியும் கொத்தறனுங்க. என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.

திரிகைகள் ஐந்து இருந்தன. அடிக்கல்லின் நடுவில் இரும்பு முளை, மேல்கல்லின் நடுவில் குழி, ஓரத்தில் மரப்பிடி. அங்கம்மாள் ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். இரண்டைத் தள்ளினாள், ஒன்றை முகர்ந்து பார்த்துத் தள்ளினாள். கடைசியில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய அகலமுள்ள கருங்கல் திரிகையின் முன் உட்கார்ந்தாள். மேல்கல் லேசு. குழியில் ஒரு பிடி மிளகைப் போட்டு வலது கையால் சுற்றினாள். பத்து, பன்னிரண்டு சுற்று. அதற்குமேல் மணிக்கட்டு விடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, "இதுவும் இல்லீங்க. போலாம்" என்றாள்.

அறுபது மைல் வந்து, ஒரு பலகை போட மறந்தவன் வாங்கித் தரக்கூடிய சாமான் உலகத்தில் இல்லை என்று ஆகிவிட்டது.

பழனியப்பன் உளியைக் கீழே வைக்காமலே, "அந்தக் கையில சுத்திப் பாருங்க அம்மிணி" என்றார்.

அவள் காரணத்தைச் சொன்னாள். மகள், பிரசவம், மருந்து, பீச்சங்கை எல்லாவற்றையும் ஒரு முறை சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"நான் எந்தக் கையில சுத்தி புடிச்சிருக்கறனுங்க?"

அப்போதுதான் பார்த்தோம். சுத்தியல் இடது கையில் இருந்தது.

"பொறவியிலிருந்தே இப்படித்தானுங்க. இதே கையிலதான் பிள்ளையாரு, இதே கையிலதான் மாரியாத்தா. கண்ணு தொறக்கறதும் இதே கையி. இருபத்தாறு ஊருல வெச்சுக் கும்பிடறாங்க. மழயும் பேயுது."

அங்கம்மாள் பாதித் தும்பிக்கை எடுத்த பிள்ளையாரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மரப்பிடியைப் பிடித்தாள். கல் சுற்றியது. வலியில்லாமல், நிற்காமல், நன்றாகவே சுற்றியது. ஆனால் ஓரத்தில் வந்து விழுந்தது முழு மிளகும் அரை மிளகும்தான்.

நான் பழனியப்பனைப் பார்த்தேன். அவர் மேல்கல்லைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்புறத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாக வரிகள் கொத்தியிருந்தன. வலது கைக்காரர் சுற்றும் பக்கத்துக்குத் தோதான சாய்வு அது. இடது கை இயல்பாக எதிர்ப்பக்கம் சுற்றும்போது வரி மிளகைப் பிடிக்காமல் வெளியே தள்ளிவிடுகிறது.

"இத்தன வருசத்துல எல்லாருக்கும் சோத்தாங்கைக்கே கொத்திக் குடுத்திருக்கறனுங்க. எனக்கே தோணல பாருங்க" என்று தன்னையே திட்டிக்கொண்டார். "பழைய வரிய இறக்கிட்டு எதிர்ச் சாய்வுல போடறேன். காலையில வாங்க."

வியாழக்கிழமை, காலை ஏழு மணி. சத்திரத்தில் தங்கிவிட்டுப் பட்டறைக்குப் போனோம். புது வரிகள் வெள்ளையாகத் தெரிந்தன. கல்தூள் போக, பழனியப்பன் எடுத்துத் தந்த தவிட்டை முதலில், பிறகு உப்பை, பிறகு ஒரு பிடி நொய்யரிசியை என்று மூன்று முறை அரைத்துக் கொட்டினாள். நாலாவது முறை மிளகும் சீரகமும் உப்பும். இடது கை சுற்றியது. திரிகையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொடி வட்டமாகக் கொட்டியது. காற்று எங்கள் பக்கம் திரும்பியது. முதலில் நான் தும்மினேன், பிறகு பழனியப்பன், பிறகு ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரர். அங்கம்மாள் இரண்டு விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கல் கரகரக்கவில்லை. தலையை ஆட்டினாள். நான் சந்தோஷத்தில் வேப்பமரத்தைத் தட்டிக் கொடுத்தேன். கை எட்டும் தூரத்தில் வேறு யாரும் இல்லை.

விலை இரண்டேகால் ரூபாய். புதிதாய் வரி போட்டதற்கு அவர் எதுவும் கேட்கவில்லை. காலைக் கம்பங்கூழுக்கு அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கிக்கொண்டார்.

காலை ஒன்பது மணி. திருச்செங்கோடு பஸ். இருபத்திரண்டு மைல், ஏழணா. திரிகை ஒரு மணங்கு, ஒரு குடம் தண்ணீரின் கனம். கண்டக்டர் மேலே போடச் சொன்னார். அங்கம்மாள் மாட்டேன் என்று காலடியில் வைத்துக்கொண்டாள். அதற்கும் டிக்கெட் போடவா என்று அவர் கேட்க, "போடுங்க. சீட்டுக் குடுத்தா உக்கார எடமும் குடுக்கணும்" என்றாள். வண்டி முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் காசு கேட்கவில்லை. திருச்செங்கோட்டு மலையைக் கீழேயிருந்தே கும்பிட்டு, சங்ககிரிக்கு ஏழு மைல், அங்கே வண்டி மாறி எடப்பாடிக்குப் பன்னிரண்டு மைல். மாலை நாலு மணிக்கு வீடு.

ஊர் திரும்பியவன் வெளியூரையும் சொந்த ஊரையும் ஒப்பிட்டு எழுதுவது வழக்கம். சேலத்தில் சனம் அதிகம், ராசிபுரத்தில் நெய் நன்று, நாமக்கல்லில் கல் நன்று. எங்கள் ஊரில் வியாபாரி சாமானைத் திரும்ப வாங்கமாட்டார். ஒப்பிட எனக்கு இவ்வளவுதான் தெரியும். ஆனால் திரும்பி வந்தபின் எங்கள் வாசலில் ஒன்று மாறிவிட்டது, அதைச் சொல்லி முடிக்கிறேன்.

பங்குனியில் சரசுக்குப் பெண் குழந்தை பிறந்தது. செலவு ரசம் அங்கம்மாள் கையால்தான். அந்தப் பொடியின் மணம் தெருக்கோடிவரை போனது. கேட்டு வந்தவர்கள் எல்லோரும் திரிகையில் ஒரு கை பார்த்தார்கள். பழகாத இடது கை அவர்களுக்குச் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. வலது கையாலும் எதிர்ப்பக்கம் சுற்ற முடியும். ஆனால் நாலு சுற்றுக்குமேல் கை பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடும். முழு மிளகாக வெளியே உருளும். நானும் முயன்று பார்த்தேன். தெருவில் பதினெட்டு வீடு, ஒருவருக்கும் வரவில்லை.

ஒரு நாள் காலை தறியிலிருந்து பார்த்தேன். செல்லம்மாள் ஒரு கிண்ணத்தில் மிளகும் மல்லியும் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அம்மியில அந்த மணம் வர்றதில்லீங்க. இதச் சித்தெ அரச்சுத் தாரீங்களா?"

அங்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வெச்சுட்டுப் போ சாமி. அரச்சு நானே கொண்டாந்து தாரேன்."